வாடகைக் காரில் டொர்னாடோ துரத்தப் போகலாமா?

வாசகர் கேள்வி, 2025 ஏப்ரல் 5

டாலஸில் வேலை. மே மாதம் நாலு நண்பர்கள் சேர்ந்து வாடகைக் கார் எடுத்து ஓக்லஹோமா பக்கம் டொர்னாடோ எனும் சுழற்காற்றைத் துரத்தப் போகலாம் என்று திட்டம். ரேடார் ஆப் வாங்கியாகிவிட்டது. இத்தனை வருடத்தில் டொர்னாடோவே அடித்துக் கொன்ற சேஸர்களை, அதாவது புயல் துரத்துகிறவர்களை, விரல்விட்டு எண்ணிவிடலாம். யூடியூபில் ஆளாளுக்கு நேரலை போடுகிறார்கள். அப்புறம் ஏன் எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள்? ஓக்லஹோமாவின் நார்மன் பக்கம் இருக்கும் அண்ணன்கள் யாராவது சொல்லுங்கள்.

ஏப்ரல் 5, இரவு 9.50

நார்மனில்தான் இருக்கிறேன், நானே ஆரம்பிக்கிறேன். நீங்கள் சொல்லும் கணக்கு சரிதான் தம்பி. டொர்னாடோ நேரடியாகச் சேஸர்களைக் கொன்றதாகப் பதிவான முதல் நாள் 2013 மே 31, ஓக்லஹோமாவின் எல் ரீனோ பக்கம். அதற்கு முன் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆட்கள் துரத்திக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆனால் சேஸர்களைச் சாகடிப்பது சாலை. 2017 மார்ச் 28 அன்று டெக்சஸில் ஸ்பர் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஸ்டாப் சைனில் நிற்காமல் போன வண்டி இன்னொரு வண்டியில் மோதி மூன்று பேர் போனார்கள். இரண்டு வண்டியிலும் இருந்தவர்கள் சேஸர்கள். 2022 ஏப்ரல் 29 இரவு, கான்சஸ் போய்விட்டு நார்மனுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஓக்லஹோமா பல்கலைக்கழக வானிலையியல் மாணவர்கள் மூவரின் கார், டொங்காவா அருகே ஐ-35 நெடுஞ்சாலையில் மழைத்தண்ணீரில் வழுக்கி நின்றது. பின்னால் வந்த லாரி மோதி மூன்று பேருமே இறந்தார்கள். மேகத்தைப் பார்த்தால் அடுத்து என்ன ஆகும் என்று சொல்லத் தெரிந்த பிள்ளைகள் அவர்கள். அந்த வாரம் இந்த ஊரில் யாரும் வானிலை பற்றி வாயைத் திறக்கவில்லை. எதிரே பார்த்தால் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனோம்.

ஆகவே என் பதில்: போகாதீர்கள்.

ஏப்ரல் 5, இரவு 10.15

விட்டுப்போன ஒன்று. பல வாடகைக் கார் ஒப்பந்தங்களில் தார் போடாத சாலையில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று எழுதியிருக்கும். மேற்கு ஓக்லஹோமாவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் பாதிக்கு மேல் செம்மண் சாலை. மழை பட்டால் சக்கரம் ஒரு முழம் உள்ளே போகும். மேகம் பின்னால் வரும்போது அங்கே மாட்டிக்கொண்டால் கூப்பிட ஆள் கிடையாது.

ஏப்ரல் 7

"இதெல்லாம் லைக்குக்காகச் செய்கிற கிறுக்குத்தனம், இதில் என்ன விஞ்ஞானம்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அது நியாயமில்லை ஐயா.

டேவிட் ஹோட்லி என்ற இளைஞர் 1956-இல் வடக்கு டகோட்டாவின் பிஸ்மார்க்கில் தனியாகப் புயல் பின்னால் போக ஆரம்பித்தார். ஆப் கிடையாது, பணம் கிடையாது, பார்க்க யாரும் கிடையாது. 1977-இல் சேஸர்களுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். 1972-இல் இங்கே நார்மனில் உள்ள தேசியக் கடும்புயல் ஆய்வகமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து மாணவர்களை வண்டியில் ஏற்றி அனுப்பின. அடுத்த வருடமே, 1973 மே 24, ஓக்லஹோமாவின் யூனியன் சிட்டி. தரையில் நின்றவர்கள் டொர்னாடோவை ஆரம்பம் முதல் கடைசிவரை படம் எடுத்தார்கள். அதே நேரம் நார்மன் டாப்ளர் ரேடாரும் அந்த மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், டொர்னாடோ கீழே இறங்குவதற்கு முன்பே மேகத்தின் நடுவில் சுழற்சியின் அடையாளம் ரேடாரில் தெரிகிறது என்பது பிடிபட்டது. இன்று நம் ஃபோனில் எச்சரிக்கை அலறுகிறதே, அதற்கு வேர் அங்கே இருக்கிறது.

1980களில் டோட்டோ என்று ஒரு பீப்பாய் வடிவ அளவீட்டுக் கருவியை டொர்னாடோவின் பாதையில் வைக்க ஓடிஓடிப் பார்த்தார்கள். சரியாக நடுவில் வைக்க முடியாமலே 1987-இல் அதற்கு ஓய்வு கொடுத்தார்கள். 2003 ஜூன் 24 அன்று டொர்னாடோவை ஆராய்ந்துவந்த சேஸர் டிம் சமராஸ் தெற்கு டகோட்டாவின் மான்செஸ்டரில் தன் கருவியைச் சாலையோரம் வைத்துவிட்டு ஓடினார். டொர்னாடோ அதன் மேலேயே ஏறிப்போனது. 100 மில்லிபார் அழுத்தச் சரிவு பதிவானது. தரையில் அப்படி ஓர் அளவீடு அதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை. மான்செஸ்டர் என்ற ஊர் அன்றோடு இல்லாமல் போயிற்று, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஏப்ரல் 8

கூட்டம் எப்போது சேர்ந்தது என்று கேட்டதற்கு: 1996-இல் வந்த ஹாலிவுட் படம் முதல் அலை. 2007 முதல் சில வருடம் டிஸ்கவரியில் ஓடிய தொடர் இரண்டாவது. ஆனால் எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் ஃபோன். முன்பு சேஸர்கள் காலையில் கையால் வரைபடம் போட்டு, வழியில் நூலகத்திலோ வானிலை அலுவலகத்திலோ நிறுத்தி ஒரு தகவல் வாங்கி, மீதியைக் கண்ணால் பார்த்துத்தான் போக வேண்டும். கற்றுக்கொள்ளப் பல வருடம் ஆகும். இப்போது பத்து டாலர் கொடுத்தால் ரேடார் கைக்குள் வந்துவிடுகிறது. எந்த மேகத்துக்குப் போக வேண்டும் என்று எல்லாருக்கும் ஒரே பதில் கிடைப்பதால், எல்லாரும் ஒரே சாலையில் வந்து நிற்கிறார்கள்.

ஏப்ரல் 12

போன சனிக்கிழமை "போகாதீர்கள்" என்று ஒரே வார்த்தையில் முடித்தேன். வாரம் முழுக்க அது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஏனென்றால் நான் போகிறேன். என்னோடு வேலை செய்யும் ஒருவர் கல்லூரிக் காலத்திலிருந்து சேஸ் செய்பவர். அவர் ஓட்டுவார், நான் வரைபடம் பார்ப்பேன். போகிறவன் போகாதே என்று சொன்னால் அதில் பொருள் இல்லை. ஆகவே ஏன் போகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

பெரும்பாலான நாட்களில் ஒன்றுமே நடக்காது. டெக்சஸ் பான்ஹாண்டிலில் ஷாம்ராக் என்ற ஊரில் ஏதாவது கேஸ் ஸ்டேஷன் வாசலில் மதியம் முழுக்க நிற்போம். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வந்த ஈரக்காற்று முகத்தில் ஒட்டும். மேற்கே சில மைலில் காய்ந்த காற்று நிற்கும். இரண்டும் சந்திக்கும் கோட்டில் மேகம் முளைக்கும், மேலே இருக்கும் சூடான அடுக்கு அதை அமுக்கிவிடும், மறுபடி முளைக்கும். ஆறு மணி வரை இதே கதை. பிறகு திரும்பி வந்துவிடுவோம்.

சில நாளில் ஒன்று மட்டும் அந்த அடுக்கை உடைத்துக்கொண்டு மேலே போகும். அரை மணி நேரத்தில் ஐம்பதாயிரம் அடி. தூரத்தில் நின்று பார்த்தால் மொத்த மேகமும் ஒரே உடம்பாக மெல்லச் சுழல்வது கண்ணுக்குத் தெரியும். டொர்னாடோ வேண்டாம், எனக்கு அதுவே போதும். முதன்முறை அதைப் பார்த்தபோது அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். அங்கே விடியற்காலை. "நல்லாத்தானே இருக்கே?" என்றார். என்ன சொல்வது என்று தெரியாமல் "இங்க மேகம் பெரிசா இருக்கும்மா" என்றேன்.

எவ்வளவு பேசினாலும் அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் 13, காலை

மேலே எழுதியதோடு இதையும் படியுங்கள். இதை எழுதாமல் அதை மட்டும் எழுதியிருக்கக்கூடாது.

ஒரு மே மாத மாலை, மேற்கு ஓக்லஹோமாவில் இருவழிச் சாலை. புயலுக்குத் தென்கிழக்கே, முறைப்படி நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றோம். எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் சாலையோரம் முழுக்க வண்டிகள். கூரையில் கேமரா, ஆன்டெனா, மஞ்சள் விளக்கு. பாதிப் பேர் கதவைச் சாலைப் பக்கம் திறந்து போட்டு இறங்கி நிற்கிறார்கள். சிலர் சாலையின் நடுவிலேயே முக்காலி போட்டிருக்கிறார்கள்.

பண்ணை வழியிலிருந்து ஒரு பழைய பிக்கப் வந்து நின்றது. உள்ளே வயதான அம்மா, ஓட்டுவது மகனாக இருக்க வேண்டும், பின் சீட்டில் இரண்டு பிள்ளைகள். அவர்கள் வீட்டில் நிலவறை இல்லை. மூன்று மைல் தள்ளிச் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறதாம், அங்கே போக வேண்டும். சாலையில் ஏறவே இடம் இல்லை. சைரன் ஊதுகிறது. ஓட்டி வந்தவர் ஹாரன் அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. கண்ணாடியை இறக்கி, "தயவுசெய்து" என்றார். நாங்கள் ஓடிப்போய் ஒவ்வொரு வண்டியாகத் தட்டி நகர்த்தினோம். ஒருவர் நேரலையில் இருந்ததால் கையை மட்டும் காட்டி "ஒரு நிமிடம்" என்றார்.

அன்று டொர்னாடோ இறங்கவில்லை. இறங்கியிருந்தால்?

அந்தச் சாலை அவர்களுடையது. ஓடித் தப்பிக்க வேண்டியவர்கள் அவர்கள். வேடிக்கை பார்க்க வந்த நாம் அதை அடைத்துக்கொண்டு நிற்கிறோம். கூட்டம் பெருகுவதில் எனக்கு இருக்கும் கோபம் முழுவதும் இதுதான். சேஸர் செத்தால் அவர் தேடிப் போனது. அந்தப் பிள்ளைகள் எதையும் தேடிப் போகவில்லை.

ஏப்ரல் 13, மாலை

"நீங்களும் அந்த வரிசையில்தானே நின்றீர்கள்?" ஆமாம், நின்றோம். அதன் பிறகு நாங்கள் வைத்துக்கொண்ட வழக்கம்: முன்னால் நான்கைந்து வண்டி தெரிந்தால் அந்த மேகத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவது. நல்ல காட்சிகள் பல தவறிப்போகின்றன. போகட்டும்.

ஏப்ரல் 19

எல் ரீனோ பற்றி எழுதச் சொல்லிக் கேட்டவர்களுக்கு. நீளமாகத்தான் வரும்.

2013 மே 20 அன்று மூர் நகரத்தில் இ.எஃப்-5, டொர்னாடோ அளவுகோலின் உச்ச எண். 24 பேர் இறந்தார்கள். அதில் 7 பிள்ளைகள் பிளாசா டவர்ஸ் ஆரம்பப் பள்ளியில் இருந்தவர்கள். நார்மனிலிருந்து மூர் பத்து மைல். பதினொரு நாள் கழித்து, மே 31 மாலை ஆறு மணி சுமாருக்கு, ஓக்லஹோமா சிட்டிக்கு மேற்கே எல் ரீனோவின் தெற்கில் இன்னொன்று இறங்கியது. நகரமே நடுங்கிப்போயிருந்ததால் பலர் வீட்டை விட்டுக் காரில் கிளம்பிவிட்டார்கள். சேஸர்களும் திரண்டிருந்தார்கள். எல்லாரும் ஒரே சாலைகளில்.

அந்த டொர்னாடோ முதலில் தென்கிழக்காக நகர்ந்தது. பிறகு வடகிழக்காகத் திரும்பியது, வேகம் கூடியது, கூடவே அகலமும். 4.2 கிலோமீட்டர். இதுவரை பதிவானவற்றில் அதுதான் மிக அகலம். மழைக்குள் மறைந்து இருந்ததால் எங்கே மழை முடிகிறது, எங்கே டொர்னாடோ ஆரம்பிக்கிறது என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. உள்ளே சிறுசிறு சுழல்கள் தனித்தனியாக அசுர வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. நம் ஊரில் தேர் திரும்பும் முனையில் வடம் எந்தப் பக்கம் வீசும் என்று தெரியாமல் நிற்கக்கூடாது என்பார்களே, அங்கே முனை என்று தனியாக எதுவும் இல்லை, நின்ற இடமெல்லாம் முனை.

டிம் சமராஸ், அவர் மகன் பால், கூட்டாளி கார்ல் யங் மூவரும் ஒரு சிறிய வெள்ளை ஷெவர்லே கோபால்ட் காரில் மண் சாலையில் கிழக்கே போய்க்கொண்டிருந்தார்கள். சமராஸ் அவசரப்படுகிறவர் இல்லை. நெருங்காதே என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர். மூவரும் இறந்தார்கள். அன்று அந்த டொர்னாடோவால் இறந்த 8 பேருமே வண்டிகளில் இருந்தவர்கள். தி வெதர் சேனல் குழுவின் வண்டியும் உருண்டது, அவர்கள் பிழைத்தார்கள்.

அன்று இரவு வெள்ளத்திலும் ஆட்கள் இறந்தார்கள். நான் வீட்டில் குளியலறைத் தொட்டிக்குள் மெத்தையைப் போர்த்திக்கொண்டு மனைவியோடு உட்கார்ந்திருந்தேன். ரேடியோவில் தெருப்பெயர்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன.

சேஸர்கள் பிறகு வரைபடத்தில் தங்கள் இருப்பிடப் புள்ளிகளைச் சேர்த்து இறந்த அந்த மூன்று சேஸர்களின் பெயர்களின் முதலெழுத்துகள் தெரியும்படி நிறுத்தினார்கள். அந்தப் படத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 20

சின்னத் திருத்தம், எனக்கல்ல, மேலே "அது வெறும் இ.எஃப்-3 தானே" என்று எழுதியவருக்கு. இ.எஃப் எண் காற்றை அளந்து கொடுப்பதல்ல, உடைந்ததைப் பார்த்துக் கொடுப்பது. எல் ரீனோ பெரும்பாலும் வயல்வெளியில் போனது. உடைக்கக் கட்டடம் இல்லை. பல்கலைக்கழகத்தின் நடமாடும் ரேடார் அளந்த காற்று இ.எஃப்-5 எல்லையைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. எண்ணை வைத்து நெருங்கலாமா என்று முடிவு செய்யாதீர்கள். அந்த எண் மறுநாள்தான் வரும்.

ஏப்ரல் 26

"ரேடார் இவ்வளவு வளர்ந்த பிறகு சாலையில் ஆள் எதற்கு? எல்லாரையும் தடை செய்யலாமே?" இது நல்ல கேள்வி, இரண்டு நாள் யோசித்தேன்.

ரேடார் கற்றை நேராகப் போகிறது, பூமி வளைகிறது. மிகத் தாழ்ந்த கோணத்தில்கூட, 100 கிலோமீட்டர் தள்ளிப் போனால் கற்றை தரையிலிருந்து சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் மேலே இருக்கும். வீட்டை உடைக்கும் காற்று அதற்குக் கீழே. மேலே சுழற்சி இருக்கிறது என்று ரேடார் சொல்லும். கீழே இறங்கிவிட்டதா என்று சொல்லக் கண் வேண்டும். இப்போதைய இரட்டைத் துருவ ரேடாரில் காற்றில் பறக்கும் உடைசல் தெரியும் என்பது உண்மை. ஆனால் அது தெரியும் நேரத்தில் யாருடைய கூரையோ ஏற்கனவே மேலே இருக்கிறது.

எச்சரிக்கைகளில் பெரும்பங்கு டொர்னாடோ இல்லாமலே முடிகிறது. மக்கள் அலுத்துவிடுகிறார்கள். "ரேடாரில் சுழற்சி" என்பதற்கும் "கண்ணால் பார்த்தாயிற்று, தரையில் இருக்கிறது" என்பதற்கும் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் தாத்தாவிடம் எவ்வளவு வித்தியாசம் என்று நான் பக்கத்து வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். முதலாவதற்குச் சேனலை மாற்றுவார். இரண்டாவதற்கு எழுந்திருப்பார். 2007 மே 4 இரவு கான்சஸின் கிரீன்ஸ்பர்க் ஊரில் ஏறத்தாழ 95 சதவீதம் அழிந்தது. அந்த இருட்டில் மின்னல் வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்துச் சொன்னவர்களில் சேஸர்களும் உண்டு.

ஆகவே தடை வேண்டாம். ஆனால் பார்த்ததைச் சொல்லாமல் கேமராவை மட்டும் நீட்டுகிறவருக்கு இந்த வாதத்தில் பங்கு கிடையாது.

ஏப்ரல் 27

உரிமம் பற்றி. இந்த வருடம் ஓக்லஹோமா சட்டமன்றத்தில் ஊடகங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் வேலை செய்யும் சேஸர்களுக்கு உரிமம் தர ஒரு மசோதா வந்தது. நோக்கம் புரிகிறது. எனக்குச் சம்மதம் இல்லை. உரிமம் வாங்கி விளக்குப் போட்ட வண்டி என்றால் வழிவிட வேண்டும் என்று ஆகிவிட்டால், மேலே எழுதிய பிக்கப் இன்னும் பின்னால் நிற்கும். ஏற்கனவே இருக்கும் சாலை விதிகளை அந்த ஒரு மாலை நேரத்தில் காவலர் கடுமையாகப் பிடித்தாலே பாதி தீரும். சாலை நடுவில் முக்காலி போட எந்த விதியும் இடம் தரவில்லை.

மே 3

சென்னையிலிருந்து ஒரு தங்கை: "நம்ம பக்கம் டொர்னாடோவே கிடையாதா அண்ணா?"

துணைக்கண்டத்தில் உண்டு, வங்கத்தில். 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் தௌலத்பூர், சாட்டுரியா பகுதியில் ஒரே டொர்னாடோவில் சுமார் 1300 பேர் இறந்தார்கள். உலகில் பதிவானவற்றில் அதிக உயிர்ப்பலி அதுதான் என்று சொல்லப்படுகிறது. போன வருடம் மார்ச் 31 அன்று மேற்கு வங்கத்தின் ஜல்பாய்குரியிலும் அடித்தது. அங்கே யாரும் துரத்துவதில்லை. ஒரு மைலுக்கு ஒரு நேர்ச்சாலை இல்லை, சமவெளி முழுக்க வீடும் மனிதர்களும். தகரக் கூரையும் மண் சுவரும். 1300 பேர் இறந்த நாளுக்கு யாருடைய காணொளியும் கிடையாது. அதனால்தான் இங்கே துரத்துகிற நமக்கே அந்த ஊர்ப் பெயர் தெரியவில்லை. இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது.

தமிழ்நாட்டில் நமக்குக் கடற்புயல். அதைத் துரத்த வேண்டியதில்லை, நாட்கணக்கில் தானே வந்து சேரும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அலையைப் பார்க்கக் கடற்கரைக்குப் போகிறார்களே, ஆசை ஒன்றுதான்.

மே 4

டாலஸ் தம்பிக்குத் தனியாக. உங்களுக்கு ஓக்லஹோமா வர வேண்டிய அவசியமே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். 2015 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், கார்லண்டில் இ.எஃப்-4. இறந்த 10 பேரில் பெரும்பாலோர் ஐ-30 மேம்பாலச் சந்திப்பில் காரில் போய்க்கொண்டிருந்தவர்கள். துரத்தியவர்கள் அல்லர். உங்கள் அபார்ட்மெண்டில் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை எது என்று தெரியுமா? முதலில் அதைப் பார்த்து வையுங்கள்.

மே 10

தம்பி எழுதியிருக்கிறார்: வாடகைக் கார் திட்டத்தை விட்டுவிட்டார்களாம். சுற்றுலா நிறுவனத்தோடு போகலாமா என்கிறார்.

சுற்றுலா என்றாலே எனக்கு முன்பு பிடிக்காது. இப்போது மனம் மாறியிருக்கிறது. ஒரு வாரத்துக்கு ஆயிரக்கணக்கில் டாலர் ஆகும், வாஸ்தவம். ஆனால் எட்டுப் பேர் ஒரே வேனில் போனால் சாலையில் இரண்டு மூன்று கார் குறைகிறது. ஓட்டுகிறவர் பல வருடம் ஓட்டியவர், ரேடார் பார்ப்பவர் வேறு ஆள். நாலு நண்பர்கள் காரில் ஓட்டுகிறவரே திரையையும் பார்ப்பார், அந்தத் திரையில் தெரிவதும் சில நிமிடம் பழைய படம்.

பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். இருட்டிய பிறகு துரத்துவீர்களா? எவ்வளவு தூரத்தில் நிறுத்துவீர்கள்? ஊருக்குள் அடித்துவிட்டால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு "அடுத்த புயலுக்குப் போவோம்" என்று பதில் வந்தால் அவர்களோடு போக வேண்டாம்.

ஜூன் 1

நேற்று எல் ரீனோ நினைவு நாள். வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

அக்டோபர் 8

இழை தூங்கிவிட்டது, ஒரு செய்திக்காக எழுப்புகிறேன். ஜூன் 20 அன்று வடக்கு டகோட்டாவின் எண்டர்லின் அருகே மூன்று பேரைக் கொன்ற டொர்னாடோவை இப்போது இ.எஃப்-5 என்று உயர்த்தியிருக்கிறார்கள். 2013 மூருக்குப் பிறகு இதுதான் முதல். தூக்கி எறியப்பட்ட சரக்கு ரயில் பெட்டிகளை வைத்துக் காற்றைக் கணக்கிட்டார்கள். ஏப்ரலில் சொன்னதேதான்: ரயில் அந்த நேரத்தில் அந்த இடத்தில் இல்லாமல் இருந்திருந்தால் எண் குறைவாகவே இருந்திருக்கும்.

அக்டோபர் 9

தம்பி கேட்டதற்கு: புயலைப் பார்த்துத் தகவல் சொல்லப் பழக்கும் ஸ்கைவார்ன் வகுப்புக்குக் கட்டணம் கிடையாது, பட்டமும் வேண்டாம், விசா எதுவாக இருந்தாலும் உட்காரலாம். தேசிய வானிலை சேவை அலுவலகங்களே நடத்துகின்றன. டாலஸ் பக்கத்துக்கு ஃபோர்ட் வொர்த் அலுவலகம். குளிர்காலம் முடியும் நேரத்தில் அட்டவணை போடுவார்கள், இணைய வழியிலும் உண்டு. எது சுவர் மேகம், எது வெறும் தொங்கும் துணுக்கு, என்ன பார்த்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரே மாலையில் சொல்லித் தருவார்கள். நண்பர்கள் நாலு பேரும் சேர்ந்து போங்கள். முடித்துவிட்டு வசந்தத்தில் நார்மன் வந்தால் எங்கள் வண்டியில் பின் சீட்டில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.